பிரேசிலில் கறுப்பர் 10 சதவீதமா, 55 சதவீதமா? ஒரு கணக்கெடுப்பின் பின்னணி

2023 டிசம்பரில் பிரேசிலின் புள்ளிவிவர நிறுவனமான ஐபிஜிஇ, 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நிற, இன விவரங்களை வெளியிட்டது. அதை வைத்துக் கறுப்பர் 10 சதவீதம் என்றும் சொல்லலாம், 55 சதவீதம் என்றும் சொல்லலாம். இரண்டு எண்ணும் ஒரே அட்டவணையில்தான் இருக்கின்றன, இரண்டும் சரி. கறுப்பர் என்று யாரைச் சேர்ப்பது என்பதில் அந்நாட்டின் சட்டம் ஒன்று சொல்கிறது, வீட்டிலும் தெருவிலும் புழங்கும் பேச்சு வேறொன்று சொல்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, பல்கலைக்கழக இடங்களும் அரசு வேலைகளும் இதை வைத்து எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்வி

வீட்டுக்கு வரும் ஊழியர், "உங்கள் நிறம் அல்லது இனம் எது?" என்று கேட்டு ஐந்து விடைகளைப் படித்துக்காட்டுவார். 20.3 கோடி மக்கள் கொண்ட நாட்டில் 2022-ல் கிடைத்த பதில்கள் இவை:

1. பிராங்கோ: வெள்ளையர். 8.82 கோடி, 43.5 சதவீதம்.
2. பிரெட்டோ: கறுப்பர். 2.06 கோடி, 10.2 சதவீதம்.
3. அமரெலோ: "மஞ்சள்" என்று பொருள்; ஜப்பான், சீனா, கொரியா வழிவந்தோர். சுமார் 8.5 லட்சம், 0.4 சதவீதம்.
4. பார்டோ: மாநிறத்தவர், கலப்பு வழியில் வந்தவர். 9.21 கோடி, 45.3 சதவீதம்.
5. இந்திஜெனா: பழங்குடியினர். சுமார் 12 லட்சம், 0.6 சதவீதம்.

என்ன பதில் சொல்வது என்பது முழுக்க எதிரில் நிற்பவரின் உரிமை. வெளுத்த தோலுடைய ஒருவர் "பார்டோ" என்றாலும், கருத்த தோலுடையவர் "பிராங்கோ" என்றாலும் ஊழியர் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்வதும் உண்டு.

இந்த ஐந்தில் "நெக்ரோ" இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது 2010-ன் இனச் சமத்துவச் சட்டம் வரையறுத்த தொகுப்புப் பெயர்: பிரெட்டோ என்றவர்களும் பார்டோ என்றவர்களும் சேர்ந்து நெக்ரோ மக்கள். 10.2-ஐயும் 45.3-ஐயும் கூட்டினால் வருவதுதான் அந்த 55.5.

இரண்டையும் ஏன் கூட்டினார்கள்? 1970-களின் இறுதியில் கார்லோஸ் ஹாசென்பால்க், நெல்சன் டோ வாலே சில்வா ஆகிய சமூகவியலாளர்கள் அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து வருமானம், பள்ளிப் படிப்பு, வேலை ஆகியவற்றை நிறவாரியாக ஒப்பிட்டார்கள். பார்டோக்கள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் நடுவில் இருப்பார்கள் என்பது அதுவரையிலான பொதுநம்பிக்கை. எண்கள் அதைக் காட்டவில்லை. பார்டோக்களின் நிலை கறுப்பரின் நிலையை ஒட்டியே இருந்தது. வெள்ளையர் தொலைவில் இருந்தார்கள். கலந்து பிறந்தவருக்குக் கதவு திறந்திருக்கிறது என்ற கூற்றை இந்த ஒப்பீடு உடைத்தது.

12 ஆண்டுகளில் 42 சதவீதம் கூடியது எப்படி?

2010-க்கும் 2022-க்கும் இடையில் பிரெட்டோ என்று சொன்னவர்கள் 42.3 சதவீதம் பெருகினார்கள். பார்டோக்கள் 11.9 சதவீதம் கூடினார்கள். வெள்ளையர் 3.1 சதவீதம் குறைந்தார்கள். பிறப்பு, இறப்பு விகிதங்களால் மட்டும் இப்படி ஒரு மாற்றம் 12 ஆண்டுகளில் வராது. முன்பு பார்டோ என்றவர்களில் பலர் இப்போது பிரெட்டோ என்கிறார்கள். முன்பு பிராங்கோ என்றவர்களில் பலர் பார்டோ என்கிறார்கள். ஆட்கள் அவர்களேதான், பதில் மாறியிருக்கிறது.

பதில் மாறுவது அங்கே புதிதல்ல. 1976-ல் ஒரு தேசிய மாதிரி ஆய்வில், விடைகளைக் கொடுக்காமல் "உங்கள் நிறம் என்ன?" என்று மட்டும் கேட்டார்கள். 130-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. லவங்கப்பட்டை நிறம், பால் விட்ட காபி நிறம், கடற்கரை வெயிலில் கறுத்த நிறம் என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் பெரும்பாலோர் ஏழெட்டுச் சொற்களுக்குள்தான் நின்றார்கள்; அவற்றில் மாநிறத்தைக் குறிக்கும் "மொரேனா" முக்கியமானது. இந்தச் சொல் கணக்கெடுப்புப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறவில்லை.

இன்னொரு தவறான புரிதலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெள்ளையர் அல்லாதோர் பெரும்பான்மையாவது இதுவே முதல்முறை இல்லை. 1872-ல் நடந்த முதல் கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 99 லட்சம். அதில் வெள்ளையர் 38 சதவீதம்தான். பார்டோக்களும் ஏறத்தாழ அதே அளவு, கறுப்பர் கிட்டத்தட்ட 20 சதவீதம். 1940-ல் பார்த்தால் வெள்ளையர் 63.5 சதவீதம். நடுவில் இருந்த 68 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் பிரேசிலின் தேசிய அடையாளம் உருவான கதை இருக்கிறது.

அடிமை முறை: சட்டங்கள் கொடுத்ததும் கொடுக்காததும்

அமெரிக்கக் கண்டங்களில் உயிரோடு இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1.07 கோடி. அவர்களில் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலப்பகுதிக்குப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ரியோ டி ஜெனிரோவில் 1811-ல் கட்டப்பட்ட வலோங்கோ படித்துறை ஒன்றில் மட்டுமே சுமார் 9 லட்சம் பேர் இறக்கப்பட்டதாக யுனெஸ்கோ மதிப்பிடுகிறது. பின்னர் அந்தப் படித்துறையை மண்ணைக் கொட்டி மூடி, மேலே புதிய துறையும் சதுக்கமும் கட்டினார்கள். 2011-ல் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது பழைய கற்தளம் வெளிப்பட்டது. 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

நாடு ஒன்றாக நின்றதிலும் அடிமை முறைக்குப் பங்குண்டு. ஸ்பானிய அமெரிக்கா பல குடியரசுகளாகச் சிதறியபோது, போர்த்துகீசிய அமெரிக்கா ஒரே நாடாக இருந்தது. நெப்போலியனின் படைக்கு அஞ்சி 1808-ல் லிஸ்பன் அரசவையே ரியோவுக்குக் குடிபெயர்ந்தது. 1822 செப்டம்பர் 7-ல் மன்னரின் மகன் முதலாம் பெட்ரோவே சுதந்திரம் அறிவித்துப் பேரரசர் ஆனார். நிர்வாகமும் அரச வம்சமும் அறுபடாமல் தொடர்ந்தன என்பது ஒரு காரணம். 1830-களில் வடக்கே பாரா முதல் தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் வரை கிளர்ச்சிகள் வெடித்தபோதும் மாகாணப் பெருநிலக்கிழார்கள் இறுதியில் மத்திய அரசின் பக்கம் சாய்ந்தார்கள். அடிமைகள் எழுந்துவிடுவார்கள் என்ற அச்சமும், அடிமை வணிகத்தை நிறுத்தச் சொன்ன பிரிட்டனை எதிர்க்க ஒரு வலுவான அரசு தேவை என்ற கணக்கும் அவர்களைச் சேர்த்துவைத்தன.

விடுதலை படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியிலும் உரிமையாளருக்கு ஒரு வழி விடப்பட்டது:

1. 1831: ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை. அமல்படுத்தப்படவே இல்லை. அதற்குப் பிறகும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சட்டவிரோதமாக இறக்கப்பட்டார்கள்.
2. 1850 செப்டம்பர் 4: பிரிட்டிஷ் கடற்படையின் நெருக்கடியால் இரண்டாவது தடை. இந்த முறை வணிகம் உண்மையில் நின்றது.
3. 1850 செப்டம்பர் 18: நிலச் சட்டம். அரசு நிலத்தை இனி விலைக்கு மட்டுமே வாங்க முடியும்; உழுது குடியேறி உரிமை கோர முடியாது.
4. 1871: அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சுதந்திரமானது. ஆனால் குழந்தைக்கு 8 வயதானதும் உரிமையாளர் அரசிடம் ஒப்படைத்து இழப்பீடு வாங்கலாம். இல்லையென்றால் 21 வயதுவரை வேலை வாங்கிக்கொள்ளலாம்.
5. 1885: 60 வயதைக் கடந்தவர்களுக்கு விடுதலை, மூன்றாண்டுக் கூடுதல் உழைப்பை ஈடாகக் கொடுத்த பிறகு.
6. 1888 மே 13: இளவரசி இசபெல் கையெழுத்திட்ட பொற்சட்டம். எஞ்சியிருந்த சுமார் 7 லட்சம் பேருக்கு விடுதலை. அடிமை முறை ஒழிக்கப்படுகிறது, முரணான சட்டங்கள் ரத்தாகின்றன என்று இரண்டே பிரிவுகள்.

இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டே வார இடைவெளியில் வந்தவை. அடிமைகளின் வரவு நிற்கப்போகிறது என்று தெரிந்த நேரத்தில், நாளை விடுதலையாகப்போகிறவர் கையில் காசில்லாமல் நிலம் போய்ச் சேராதபடி வழியடைக்கப்பட்டது. வாக்குரிமையிலும் இதுவே நடந்தது. 1881-ன் தேர்தல் சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே புதிதாக வாக்குரிமை என்றது. 1891-ன் குடியரசு அரசியல் சட்டமும் அதைத் தொடர்ந்தது. 1872 கணக்கெடுப்பில் 15 லட்சம் அடிமைகளில் எழுத்தறிவு பெற்றவர் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை திரும்பியது 1985-ல்.

நிறத்தின் பெயரைச் சொல்லி ஒதுக்கும் சட்டம் எதையும் விடுதலைக்குப் பிந்தைய பிரேசில் தன் குடிமக்கள்மீது போடவில்லை என்பதை அந்நாட்டினர் நெடுங்காலம் பெருமையாகச் சொன்னார்கள். தனிப் பள்ளி, தனிப் பேருந்து இருக்கை என்று அமெரிக்காவைப் போல எழுதிவைக்கவில்லை என்பது உண்மை. காசும் எழுத்தும் இருந்தால்தான் நிலமும் வாக்கும் என்றாகிவிட்ட நாட்டில் அப்படி எழுதிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

வெளுக்கவைக்கும் திட்டம்

விடுதலையான அடுத்த ஆண்டே, 1889 நவம்பர் 15-ல், முடியாட்சி கவிழ்ந்தது. புதிய குடியரசின் தலைவர்கள் ஐரோப்பிய இனவாத அறிவியலைப் படித்தவர்கள். கறுப்பரும் கலப்பினத்தவரும் தாழ்ந்தவர்கள் என்றது அது; அதன்படி தங்கள் நாட்டுக்கு எதிர்காலமே இல்லை. அதிலிருந்து தப்ப, கலப்பு தொடர்ந்தால் நாடு தலைமுறைக்குத் தலைமுறை வெளுக்கும் என்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரியோ தேசிய அருங்காட்சியக இயக்குநர் ஜோவாவ் பாடிஸ்டா டி லசெர்டா 1911-ல் லண்டனில் நடந்த உலக இனங்கள் மாநாட்டில், ஒரு நூற்றாண்டுக்குள் பிரேசிலில் கறுப்பர்கள் மறைந்துவிடுவார்கள் என்று அறிக்கையே வாசித்தார்.

இது பேச்சோடு நிற்கவில்லை. 1890 ஜூன் 28-ன் ஆணை 528, உழைக்கத் தகுதியுள்ள எல்லோருக்கும் துறைமுகங்களைத் திறந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளுக்கு மட்டும் நாடாளுமன்ற அனுமதி தேவை என்றது. காபித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க சாவோ பாலோ மாநில அரசு இத்தாலியக் குடும்பங்களுக்குக் கப்பல் கட்டணத்தைத் தானே கொடுத்தது. அதே தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. 1880-களிலிருந்து 1930 வரை எல்லா நாட்டுக் குடியேறிகளுமாக 40 லட்சம் பேர் அளவுக்கு வந்தார்கள். இலவசப் பயணக் குடியேற்றத்தை 1902-ல் இத்தாலி நிறுத்தியதும் ஆள் பற்றாக்குறை வந்தது. கொள்கையை ஒதுக்கிவைத்துவிட்டு ஜப்பானியரை அழைத்தார்கள். 1908 ஜூன் 18-ல் கசாடோ மாரு கப்பல் 781 பேரோடு சாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது.

1940-ன் அந்த 63.5 சதவீதத்துக்குக் குடியேற்றம் ஒரு பகுதிக் காரணம். மற்றொரு காரணம், சற்று வெளுத்தவர்களும் வசதி வந்தவர்களும் வெள்ளையர் என்று பதிவானது. அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் பார்டோ என்ற விடையே கிடையாது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்றிலும் சேராதவர்களுக்கு ஊழியர் ஒரு கோடு மட்டும் போட்டார். கோடு போடப்பட்டவர்களைப் பின்னர் அலுவலகத்தில் பார்டோ என்று தொகுத்தார்கள். இன்று நாட்டின் மிகப் பெரிய பிரிவாக இருப்பது அன்று அரசின் தாளில் ஒரு கோடாகத்தான் இருந்தது.

கலப்பே தேசியம் என்ற அறிவிப்பு

1930-ல் ஆட்சியைப் பிடித்த ஜெதுலியோ வர்காஸ், 1937-ல் சர்வாதிகாரியானார். மாநிலங்களின் பலத்தை ஒடுக்கி ஒரே தேசத்தைக் கட்டுவது அவர் திட்டம். 1937 நவம்பரில் ரியோவில் மாநிலக் கொடிகளை மேடையில் வைத்து எரித்தார்கள். 1938 முதல் ஜெர்மன், இத்தாலிய, ஜப்பானியக் குடியேறிகளின் பள்ளிகள் போர்த்துகீசிய மொழிக்கு மாறவோ மூடவோ வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை முன்வைக்க வேண்டியிருந்தபோது, அதுவரை அவமானமாகக் கருதப்பட்ட கலப்பைப் பெருமையாக்கும் சிந்தனை கைவசம் இருந்தது. பழங்குடி, போர்த்துகீசியர், ஆப்பிரிக்கர் மூவரின் கலப்பே பிரேசிலின் பலம் என்று சமூகவியலாளர் ஜில்பெர்டோ ஃப்ரெய்ரே 1933 முதல் எழுதிவந்தார்.

விளைவுகள் கண்ணுக்குத் தெரிந்தன. 1890-ன் குற்றவியல் சட்டம் சிறைத் தண்டனை விதித்த கபோய்ரா என்ற ஆப்பிரிக்க வழிச் சண்டைக் கலை, தேசிய விளையாட்டாக ஏற்கப்பட்டது. ரியோவின் ஏழைக் குடியிருப்புகளின் சாம்பா, வானொலி வழியாக நாட்டின் இசையானது. இதில் உண்மையான வெற்றி உண்டு. ஆப்பிரிக்க வழிவந்த கலை ஒரு நாட்டின் நடுவீட்டில் இப்படி அமர்ந்தது அந்தக் காலத்தில் வேறெங்கும் அரிது. ஆனால் ஆடலும் பாடலும் ஏற்கப்பட்ட வேகத்தில் மனிதர்கள் ஏற்கப்படவில்லை. பாஹியா மாநிலத்தில் ஆப்பிரிக்க வழிச் சமயமான கண்டோம்ப்ளேயின் வழிபாட்டுக்குக் காவல் துறையிடம் பதிவு செய்ய வேண்டிய நிலை 1976 வரை நீடித்தது. 1950 ஜூலை 16-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றபோது பழி முழுவதும் கறுப்பின வீரர்களான பார்போசா, பிகோடே, ஜுவெனல் மூவர்மீது விழுந்தது. கோல்காப்பாளர் பார்போசா 2000-ல் இறக்கும்வரை அதைச் சுமந்தார்.

கலப்பைப் புகழ்வதே சமத்துவம் என்றானபின், பாகுபாட்டைப் பற்றிப் பேசுபவரே பிளவுவாதி ஆக்கப்பட்டார். ராணுவ ஆட்சி 1970 கணக்கெடுப்பில் நிறக் கேள்வியையே எடுத்துவிட்டது. எண் இல்லாதபோது வாதிட எதுவும் இல்லை. 1978 ஜூலை 7-ல் சாவோ பாலோ நகர அரங்கின் படிகளில் கூடிய கறுப்பர் இயக்கத்தினர் உடைக்க விரும்பியது இந்த மௌனத்தைத்தான். 1980-ல் கேள்வி திரும்ப வந்தது. 1988-ன் அரசியல் சட்டம் இனவெறியைப் பிணையும் காலவரம்பும் இல்லாத குற்றமாக்கியது; தப்பியோடிய அடிமைகள் உருவாக்கிய கிலோம்போ சமூகங்களுக்கு அவர்கள் வாழும் நிலத்தின் உரிமையை ஏற்றது.

இட ஒதுக்கீட்டுக் கணக்கு

ரியோ மாநிலப் பல்கலைக்கழகம் 2003-லும், கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் முதலாவதாகப் பிரேசிலியா 2004-லும் ஒதுக்கீட்டைத் தொடங்கின. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் 12,711 எல்லாக் கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. 100 இடங்கள் உள்ள ஒரு பாடப்பிரிவில் கணக்கு இப்படிப் போகும்:

1. 50 இடங்கள், மேல்நிலைக் கல்வி முழுவதையும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நல்ல பள்ளிகள் பெரும்பாலும் தனியாரிடமும், நல்ல பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அரசிடமும் இருப்பதால் இதுவே பெரிய மாற்றம்.
2. அதில் பாதி, 25 இடங்கள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. தலைக்கு ஒன்றரைக் குறைந்தபட்சக் கூலி என்றிருந்த வரம்பை 2023-ன் திருத்தம் ஒரு கூலியாகக் குறைத்தது.
3. இரண்டு 25-களுக்குள்ளும், அந்த மாநில மக்கள்தொகையில் பிரெட்டோ, பார்டோ, பழங்குடியினரின் பங்கு அளவுக்கு இடம். பாஹியாவில் அது ஏறத்தாழ 80 சதவீதம். 25-க்கு 20 இடம். ரியோ கிராண்டே டோ சுல்லில் சுமார் 22 சதவீதம், 5.5 வரும், மேல்நோக்கி முழுமையாக்கி 6.
4. மாற்றுத்திறனாளிகள் 2016-லும் கிலோம்போ மக்கள் 2023-லும் சேர்க்கப்பட்டார்கள். 2023 முதல் எல்லோரும் முதலில் பொதுப் போட்டியில் மதிப்பிடப்படுகிறார்கள். அதில் இடம் கிடைக்காதவர்களே ஒதுக்கீட்டுக்கு வருகிறார்கள்.

கூட்டாட்சி அரசு வேலைகளில் 2014 முதல் 20 சதவீதம் இருந்தது. 2025 ஜூனில் பழங்குடியினரையும் கிலோம்போ மக்களையும் சேர்த்து 30 சதவீதமானது.

ஐந்து பேர் முன் நிற்பது

பிரேசிலில் சாதிச் சான்றிதழ் போன்ற ஆவணம் எதுவும் கிடையாது. கணக்கெடுப்பில் சொல்வதுபோல விண்ணப்பத்திலும் தானே அறிவித்தால் போதும் என்றுதான் தொடங்கினார்கள். வெள்ளையர் பலர் ஒரு கறுப்பினப் பாட்டியைக் காரணம் காட்டி இடம் பெற்றார்கள். பிரேசிலியா பல்கலைக்கழகம் புகைப்படம் பார்த்து முடிவு செய்தபோது, 2007-ல் ஒரே சாயலில் பிறந்த இரட்டையர் இருவரில் ஒருவரைக் கறுப்பர் என்றும் மற்றவரை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. நாடே பேசிய சம்பவம் அது.

2018 ஏப்ரலில் கூட்டாட்சி வேலைகளுக்கென்று விதிமுறை வந்தது. பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் அதன் வழியில் போயின. ஐந்து பேர் கொண்ட குழு. உறுப்பினர்கள் நிறத்திலும் பாலினத்திலும் பிறந்த ஊரிலும் வேறுபட்டவர்களாக இருக்க வேண்டும். விண்ணப்பதாரரை நேரில் பார்க்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். தோல், முடி, மூக்கு, உதடு ஆகிய தோற்றக் கூறுகளை மொத்தமாகப் பார்த்தே முடிவு. தாய் தந்தையர் படம், பிறப்புச் சான்றிதழ், மரபணுச் சோதனை எதுவும் செல்லாது. மறுத்தால் மூன்று பேர் கொண்ட வேறொரு குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வம்சத்தை ஏன் பார்ப்பதில்லை என்பதற்குக் காரணம் 1954-லேயே சமூகவியலாளர் ஒராசி நோகெய்ரா செய்த பகுப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் பாகுபாடு பிறப்பைப் பார்த்து வருகிறது. பிரேசிலில் தோற்றத்தைப் பார்த்து வருகிறது என்றார் அவர். காவலர் தெருவில் நிறுத்துவதும், கடைக்காரர் பின்னாலேயே வந்து கண்காணிப்பதும் முகத்தைப் பார்த்து. ஆகவே ஈடும் முகத்தைப் பார்த்தே தரப்பட வேண்டும் என்பது வாதம். இது நியாயமான வாதம் என்றே கருதுகிறேன். ஆனாலும் நடைமுறை எளிதில் வழுக்குகிறது. 2016-ல் பாரா மாநிலத்தில் ஒரு கூட்டாட்சிக் கல்வி நிறுவனம் மண்டையோடு, பல், தாடை என்று அளவுப் பட்டியலே வெளியிட்டுக் கண்டனத்துக்குப் பிறகு திரும்பப் பெற்றது. மிகக் கருத்தவரிடமும் மிக வெளுத்தவரிடமும் குழு தடுமாறுவதில்லை. நடுவில் நிற்கும் வெளிர் பார்டோவிடம்தான் வழக்குகள் பிறக்கின்றன.

அமேசானின் பார்டோக்கள்

இன்றைய விவாதத்தில் மிகச் சிக்கலான முடிச்சு வடக்கில் இருக்கிறது. பாரா மாநிலத்தில் 69.9 சதவீதமும் அமேசோனாஸில் 68.8 சதவீதமும் பார்டோக்கள். அவர்களில் பலருடைய முகத்திலும் குடும்ப வழியிலும் இருப்பது ஆப்பிரிக்கா அல்ல, அமேசான் பழங்குடி. சட்டம் அவர்களையும் நெக்ரோ என்ற தொகையில் சேர்க்கிறது. அவர்கள் எண்ணிக்கையால் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டு இடங்கள் கூடுகின்றன. ஆனால் அந்த இடத்தைக் கேட்டுக் குழு முன் நிற்கும்போது, கறுப்பினத் தோற்றம் இல்லை என்று மறுக்கப்படலாம். பழங்குடி இடத்தைக் கேட்டால், பொதுவாகச் சமூகத் தலைவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். இரண்டு தலைமுறைக்கு முன் ஆற்றங்கரைக் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவரிடம் அது இருக்காது.

ஐபிஜிஇ இதன் ஒரு பகுதியைச் சரிசெய்ய முயன்றது. 2022-ல் பழங்குடி நிலங்களிலும் அவற்றுக்கு வெளியே பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும், நிறக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவரிடம் "உங்களைப் பழங்குடி என்று கருதுகிறீர்களா?" என்று இரண்டாவதாகக் கேட்டார்கள். 4.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். பழங்குடி மக்கள்தொகை 2010-ல் பதிவான சுமார் 9 லட்சத்திலிருந்து 16.9 லட்சமாக உயர இதுவும் ஒரு காரணம். நாட்டிலேயே அதிகப் பழங்குடியினர் வாழும் மாநகராட்சி எல்லை மனாவுஸ், 71,000-க்கும் மேற்பட்டோர். இரண்டாவது கேள்வி கேட்கப்படாத தெருக்களில் வாழ்பவர்கள், நிறக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்களோ அந்தக் கணக்கிலேயே நிற்கிறார்கள்.